"நாளையிலிருந்து குடிக்க மாட்டேன்" என்று அவர் சொன்னால் வீட்டில் இருப்பவர்கள் என்ன செய்ய வேண்டும்

வருஷக்கணக்கில் தினமும் குடித்தவர் ஒருநாள் சாமி முன்னால் நின்று கயிறு கட்டிக்கொள்கிறார், அல்லது சபரிமலைக்கு மாலை போடுகிறார், அல்லது பிள்ளை தலையில் அடித்து சத்தியம் செய்கிறார். வீடே நிம்மதியாகத் தூங்கப் போகிறது. ஆனால் உடம்பளவில் பார்த்தால் அவருடைய குடிவாழ்க்கையிலேயே மிக ஆபத்தான மூன்று நான்கு நாட்கள் அப்போதுதான் தொடங்குகின்றன. குடியால் ஈரல் கெடும் என்று எல்லோருக்கும் தெரியும். திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிரே போகலாம் என்பது பல வீடுகளுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்ற நிலையில் இருந்த குடும்பங்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் அவர் எந்த நிலையில் இருக்கிறார் என்று பாருங்கள். "எவ்வளவு குடிக்கிறீங்க?" என்று கேட்டால் யாரும் உண்மையைச் சொல்வதில்லை, அதனால் பாட்டிலை வைத்துக் கணக்குப் போடுங்கள். ஒரு குவாட்டர் 180 மில்லி, அதில் 42.8 சதவீதம் ஆல்கஹால், அதாவது ஏறக்குறைய 60 கிராம். ஒரே தடவையில் 60 கிராமோ அதற்கு மேலோ போனால் அதை உலக சுகாதார நிறுவனம் மிகைக்குடி என்று கணக்கெடுக்கிறது. நம்மூரில் "ஒரு குவாட்டர்தானே" என்று சர்வசாதாரணமாகச் சொல்லும் அளவு அதுதான். பீர் குடித்தால் ஒன்றும் ஆகாது என்பார்கள், ஆனால் 650 மில்லி ஸ்ட்ராங் பீரில் 8 சதவீதம் இருந்தால் 40 கிராம் வந்துவிடுகிறது, இரண்டு பாட்டில் குடித்தால் குவாட்டரைத் தாண்டியாகிவிட்டது.

அளவைவிட முக்கியமானது காலை நேரம். டாஸ்மாக் கடை பகல் 12 மணிக்குத்தான் திறக்கும். அதற்கு முன்பே பிளாக்கில் வாங்கி ஒரு கட்டிங் போட்டால்தான் கை நடுக்கம் நிற்கிறது, டீ கிளாஸைச் சிந்தாமல் பிடிக்க முடிகிறது, சவரம் செய்ய முடிகிறது என்றால் அது ஆசைக்காகக் குடிப்பது இல்லை. உடம்பு அதை நம்பி ஓடுகிற கட்டம் வந்துவிட்டது என்று அர்த்தம். காலையில் குமட்டல், காரணமில்லாத வியர்வை, குடிக்காத இரவில் தூக்கமே வராமல் புரளுவது, இவையும் அதே கணக்குத்தான். அப்படிப்பட்டவர் மருத்துவரைப் பார்க்காமல் வீட்டிலேயே தடாலடியாக நிறுத்தக் கூடாது. சொல்வதற்கே சங்கடமான விஷயம், ஆனாலும் சொல்லியாக வேண்டும்: மருத்துவரைப் பார்க்க இரண்டு நாள் ஆகும் என்றால், அந்த இரண்டு நாளும் அவரைப் பூட்டிவைத்து ஒரு சொட்டுகூடக் கொடுக்காமல் இருப்பதைவிட நிறுத்துகிற நாளை இரண்டு நாள் தள்ளிப்போடுவது பாதுகாப்பானது.

ஏன் இப்படி ஆகிறது? மது மூளையை மந்தப்படுத்துகிறது. தினமும் மந்தப்படுத்தினால் மூளை அதை ஈடுகட்ட எதிர்ப்பக்கமாக இழுத்துக்கொண்டே இருக்கும், கயிறு இழுக்கும் போட்டி மாதிரி. ஒரு பக்கத்தில் இருப்பவர் சட்டென்று கயிற்றை விட்டால் அடுத்த பக்கம் என்ன ஆகும்? மது நின்ற பிறகு மூளையில் நடப்பதும் அதுதான், இழுத்துப் பிடித்திருந்த வேகம் முழுவதும் ஒரேயடியாக வெளிப்படும்.

கடைசியாகக் குடித்து ஆறு, எட்டு மணி நேரத்தில் கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, வாந்தி தொடங்கும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம், இதுவரை வாழ்நாளில் வலிப்பே வராதவருக்கும் வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள் வரை உள்ள கட்டம்தான் மிக மோசமானது. ஆள் எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் பேசுவார், சுவரில் பூச்சி ஊருகிறது என்பார், இல்லாத ஆளோடு சண்டை போடுவார், படுக்கையைத் தடவித் தடவி எதையோ பொறுக்குவார், காய்ச்சல் அடிக்கும், நெஞ்சு தாறுமாறாகத் துடிக்கும். மருத்துவர்கள் இதை டெலிரியம் ட்ரெமன்ஸ் என்பார்கள். வீட்டில் இருப்பவர்கள் பேய் பிடித்துவிட்டது, காத்து கருப்பு அடித்துவிட்டது, மாலை போட்டு ஏதோ குற்றம் ஆகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு மந்திரிக்கக் கூட்டிப் போகிறார்கள். அங்கே போகும் ஒவ்வொரு மணி நேரமும் வீண். மருத்துவமனையில் சரியான மருந்து கொடுத்தால் பெரும்பாலானவர்கள் சில நாட்களில் தெளிந்துவிடுவார்கள், கவனிக்காமல் விட்டால் உயிர் போகும்.

வலிப்பு வந்தால் கையில் இரும்புச் சாவியைத் திணிக்காதீர்கள், வாயில் ஸ்பூன் வைக்காதீர்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், தலைக்குக் கீழே மெத்தென்று ஏதாவது வையுங்கள், சுற்றி இடிக்கக்கூடியதை நகர்த்துங்கள், 108க்கு அழையுங்கள். தானாக நின்றுவிட்டாலும் மருத்துவமனைக்குப் போயே ஆக வேண்டும், அடுத்தது வரலாம்.

இன்னொன்று, இதைப் பலர் கோட்டை விடுகிறார்கள். குடிப்பவர் வேறு காரணத்துக்காக, கால் முறிவு, குடலிறக்கம், டெங்கு என்று எதற்காகவாவது மருத்துவமனையில் சேரும்போது வீட்டில் இருப்பவர்கள் குடிப்பழக்கத்தை மறைக்கிறார்கள். "எப்பவாச்சும் விசேஷத்துக்குக் குடிப்பார் டாக்டர்" என்று சொல்லிவிடுகிறார்கள். படுக்கையில் குடிக்க வழியில்லை, அதனால் தானாகவே நிறுத்தம் ஆகிவிடும், மூன்றாம் நாள் அவர் டிரிப்பைப் பிடுங்கிவிட்டு எழுந்து ஓடுவார், தலையில் அடிபட்டதாலா, காய்ச்சல் மூளைக்குப் போய்விட்டதா என்று மருத்துவர்கள் தேடிக்கொண்டிருப்பார்கள். தினமும் எவ்வளவு, எத்தனை வருஷமாக, கடைசியாக எப்போது, முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்ததா, இந்த நான்கையும் சேர்க்கும்போதே சொல்லிவிடுங்கள். மானம் போகுமே என்ற பயம் எனக்குப் புரிகிறது, குறிப்பாக மாமியார் வீட்டு ஆட்கள் பக்கத்தில் நிற்கும்போது மனைவியால் வாய் திறக்க முடியாது. டாக்டரைத் தனியாகப் பார்த்தாவது சொல்லுங்கள்.

அதோடு சேர்ந்தது குளுக்கோஸ் விஷயம். சோர்ந்து கிடக்கிறாரே என்று தெருமுனை கிளினிக்கில் ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றிவிட்டு வருவது நம் ஊர் வழக்கம். நீண்ட நாள் குடிப்பவர்கள் சரியாகச் சாப்பிடுவதில்லை, சாப்பிட்டதும் உடம்பில் ஒட்டுவதில்லை, அவர்களுக்கு தயமின் என்கிற வைட்டமின் பி1 வற்றிப் போயிருக்கும். அந்த நிலையில் தயமின் போடாமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளை பாதிக்கப்படலாம்: நடை தள்ளாடும், கண் சரியாக அசையாது, புத்தி குழம்பும், முற்றிவிட்டால் புதிதாக எதையும் நினைவில் வைக்கவே முடியாமல் போகும். அதனால் ஊசி போடும் முன்பே "இவர் தினமும் குடிப்பவர், தயமின் போட்டுட்டு ஏத்துங்க" என்று தயங்காமல் கேளுங்கள்.

நிறுத்தும்போது மருத்துவர் கொடுக்கும் மாத்திரைகள், லோராசெபாம், குளோர்டயசெபாக்ஸைடு போன்றவை, சில நாட்களுக்கு மட்டும் கொடுத்துப் படிப்படியாகக் குறைப்பதற்கானவை. ஈரலின் நிலையைப் பார்த்துத்தான் மாத்திரையைத் தேர்ந்தெடுப்பார்கள். பக்கத்து வீட்டுக்காரருக்கு எழுதிய சீட்டைக் காட்டி வாங்காதீர்கள். இந்த மாத்திரைகளே பழகிவிடும், இவற்றோடு குடியும் சேர்ந்தால் மூச்சு அடங்கிவிடலாம். பல மாதம் தூக்க மாத்திரை போட்டவர்கள் திடீரென்று நிறுத்தினாலும் வலிப்பு வரலாம், எனவே அங்கேயும் இதே எச்சரிக்கை.

"குடிப்பவருக்குத் தெரியாமல் உணவில் கலந்து கொடுங்கள்" என்று சுவரிலும் பஸ்ஸிலும் ஒட்டியிருக்கும் விளம்பரங்களைப் பார்த்திருப்பீர்கள். தயவுசெய்து வாங்காதீர்கள். டைசல்ஃபிரம் என்று உண்மையாகவே ஒரு மருந்து உண்டு, அதைச் சாப்பிட்டவர் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் சரிந்துவிடும். அதைத் தெரிந்து, சம்மதித்து, குறைந்தது 12 மணி நேரம் குடிக்காமல் இருந்து, மருத்துவர் கண்காணிப்பில் எடுத்தால் சிலருக்கு உதவும். தெரியாமல் சாம்பாரில் கலந்து கொடுத்தால், அவர் வழக்கம்போல் ஒரு ஆஃப் அடித்துவிட்டு நடுரோட்டில் விழுந்து சாகலாம். மருந்தை நிறுத்தி இரண்டு வாரம் வரைகூட அதன் வேகம் இருக்கும். விளம்பரப் பொடியில் என்ன இருக்கிறது என்பதோ யாருக்கும் தெரியாது.

கையில் காசு இல்லாமலோ கடை மூடியோ குடி நின்றால் வேறொரு ஆபத்து வருகிறது. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து டாஸ்மாக் மூடியபோது வார்னிஷ், ஷேவிங் லோஷன் என்று கையில் கிடைத்ததைக் குடித்துச் செத்தவர்கள் இருக்கிறார்கள். கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 2024 ஜூனில் மெத்தனால் கலந்த சாராயம் 60க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. மெத்தனால் உடனே கொல்லாது, அதுதான் அதில் இருக்கும் வஞ்சகம். முதலில் வழக்கமான போதை போலவே இருக்கும், பெரும்பாலும் அரைநாள் ஒருநாள் கழித்துத்தான் வயிற்றுவலி, மூச்சிரைப்பு, கண் மங்கல் எல்லாம் வரும். சாராயம் குடித்தவர் "கண்ணுக்கு முன்னால் புகையா இருக்கு" என்று சொன்னால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், கூடக் குடித்தவர்கள் நன்றாக இருப்பது போலத் தெரிந்தாலும் அவர்களையும் சேர்த்து அழைத்துப் போங்கள்.

நீண்டகால பாதிப்புகளைப் பற்றி நிறையப் பேருக்குத் தெரியும் என்பதால் சுருக்கமாகவே சொல்கிறேன். ஈரலில் முதலில் கொழுப்பு படியும், அப்போது எந்த அறிகுறியும் இருக்காது, அந்தக் கட்டத்தில் நிறுத்தினால் பெரும்பாலும் சரியாகிவிடும். கண் மஞ்சளாவது, வயிறு ஊதுவது, கால் வீங்குவது எல்லாம் மிகவும் பின்னால் வருபவை. ரத்த வாந்தியும் தார் மாதிரி கறுப்பாக மலம் போவதும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டிய அறிகுறிகள். மேல்வயிற்றில் தொடங்கி முதுகுக்குப் பாயும் கடுமையான வலி கணைய அழற்சியாக இருக்கலாம், கேஸ் என்று சோடா குடித்துக்கொண்டிருக்க வேண்டாம். வாய், தொண்டை, உணவுக்குழாய், ஈரல், பெருங்குடல், மார்பகப் புற்றுநோய்களுக்கும் மது ஒரு காரணம். சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் சாப்பிடாமல் குடித்தால் சர்க்கரை திடீரென்று இறங்கிவிடும், போதையில் கிடக்கிறார் என்று எல்லோரும் விட்டுவிடுவார்கள், அதனால் வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால் விரலில் குத்திப் பாருங்கள்.

மது இல்லாமல் மாத்திரை, ஊசி என்று போன பிள்ளைகளுக்குக் கணக்கு வேறு. டபென்டடால் போன்ற வலி மாத்திரைகளைக் கரைத்து ஊசியில் ஏற்றும் பழக்கம் தமிழ்நாட்டு இளைஞர்களிடம் பரவியிருக்கிறது. அதை நிறுத்தும்போது உடம்பு முறித்துப் போடுவது போல வலிக்கும், வயிற்றுப்போக்கு, மூக்கொழுகல் இருக்கும், ஆனால் மதுவைப் போல நிறுத்தும் நாட்களே நேரடியாக உயிரைப் பறிப்பது அரிது. ஆபத்து அதற்குப் பிறகுதான். சில வாரம் விட்டிருந்து மறுபடி பழைய அளவையே ஏற்றினால் உடம்பு தாங்காது, மூச்சு நின்றுவிடும். மறுவாழ்வு மையத்திலிருந்தோ சிறையிலிருந்தோ வெளியே வந்த முதல் வாரங்களில் அவனைத் தனியே விடாதீர்கள். ஊசியைப் பகிர்ந்திருந்தால் எச்ஐவியும் ஹெபடைடிஸ் பி, சி இரண்டும் பரிசோதிக்க வேண்டும்.

எங்கே போவது? அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் பணம் இல்லாமலே பார்ப்பார்கள், சென்னையில் கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகம் இருக்கிறது, 1980இல் சாந்தி ரங்கநாதன் தொடங்கிய டிடிகே மருத்துவமனை இருக்கிறது. போன் செய்ய வேண்டுமானால் போதை மீட்புக்கு 14446, மனநல ஆலோசனைக்கு 14416, இரண்டும் இலவசம். தனியார் மையம் என்றால் சேர்க்கும் முன் மூன்று கேள்வி கேளுங்கள்: மாநில மனநல ஆணையத்தில் பதிவு இருக்கிறதா, மனநல மருத்துவர் எந்தெந்த நாள் வருகிறார், நாங்கள் வந்து பார்க்கலாமா. "மூணு மாசம் யாரும் பார்க்கக் கூடாது, போனும் பேசக் கூடாது" என்று சொன்னால் திரும்பி வந்துவிடுங்கள். ராத்திரியில் ஆட்களை அனுப்பிக் கட்டித் தூக்கிப்போய் அடிக்கும் இடங்களும் இருக்கின்றன, அங்கே செத்தவர்களும் உண்டு.

குடியை நிறுத்தி முதல் வாரம் தாண்டிய பிறகு குடிக்கும் ஆசையைக் குறைக்க நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட் மாதிரி மருந்துகள் உண்டு, மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள். குடி நோயாளிகள் ஒருவருக்கொருவர் துணையாகக் கூடும் அல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்களுக்குக் காசு கிடையாது, குடும்பத்தினருக்குத் தனியாக அல்-அனான் இருக்கிறது, அவர் போகாவிட்டாலும் நீங்கள் போகலாம்.

மறுபடி குடித்துவிட்டால், அது பலருக்கும் நடப்பதுதான், சத்தியத்தை நினைவுபடுத்தித் திட்டிக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவரிடம் போங்கள். நாலைந்து நாள் தொடர்ச்சியாகக் குடித்திருந்தால் "போன தடவை வீட்டிலேயே நிறுத்தினாரே, ஒன்றும் ஆகலையே" என்ற நம்பிக்கையில் வீட்டில் வைத்துப் பார்க்காதீர்கள். நிறுத்துவதும் தொடங்குவதுமாக இருந்தவர்களுக்கு ஒவ்வொரு தடவையும் முந்தையதைவிடக் கடுமையாக வரக்கூடும், போன தடவை வெறும் நடுக்கத்தோடு போனது இந்தத் தடவை வலிப்பாக வரலாம். எத்தனை தடவை நிறுத்திப் பார்த்திருக்கிறார், அப்போதெல்லாம் என்ன ஆனது என்று ஒரு தாளில் எழுதி மருத்துவச் சீட்டோடு வைத்துக்கொள்ளுங்கள், புதிய மருத்துவர் என்றால் முதலில் அந்தத் தாளைக் கொடுங்கள்.