காலையில் பிடித்த சாணை மதியம் போய்விட்டது: என் அனுபவம்

பினாங்கு லிட்டில் இந்தியாவில் அண்ணி நடத்தும் சாப்பாட்டுக் கடையின் கத்திகளை மின்சார பெல்ட் சாணையில் நான்தான் தீட்டிக் கொடுக்கிறேன். தீட்டியவுடன் காகிதத்தைச் சரசரவென்று கிழிக்கும். மதியத்துக்குள் தக்காளித் தோலில் வழுக்கும். "மெஷினுக்குக் கொடுத்த காசுக்கு அம்மிக்கல்லே மேல், தம்பி" என்றார் அண்ணி.

சொரசொரப்பான 120 எண் பெல்ட்டிலிருந்து நைசான 400க்கு மாறினேன். கத்தியைப் பெல்ட்டில் சாய்த்துப் பிடிக்கும் கோணத்தை 15 டிகிரியிலிருந்து 20 ஆக்கினேன். கத்தி சூடேறி எஃகின் பதம் போயிருக்குமோ என்று ஒவ்வோர் இழுப்புக்கும் தண்ணீரில் முக்கினேன். பலனில்லை.

விஷயம் பஞ்சில் தெரிந்தது. கத்தியின் கூரில்லாத முதுகிலிருந்து கூர்விளிம்பு நோக்கிப் பஞ்சை இழுத்தால், வலப்பக்கத்தில் வழுக்கிச் சென்றது. இடப்பக்கத்தில் மட்டும் நூல் நூலாக மாட்டியது. விளிம்பில் கண்ணுக்குத் தெரியாத உலோகப் பிசிறு ஒரு பக்கமாக மடிந்து நின்றது. காகிதத்தை வெட்டியது அந்தப் பிசிறுதான். வெட்டுப்பலகையில் பட்டதும் அது சாய்ந்துவிடும். காகிதச் சோதனை இதைக் காட்டிக்கொடுக்காது, அதை நம்பித்தான் நாட்கள் வீணாயின.

இப்போது இரு பக்கமும் பிசிறு எழும்வரை தீட்டிவிட்டு, நைசான பெல்ட்டில், வேகத்தைக் குறைத்து, கத்தியின் எடை மட்டும் படும்படி பக்கத்துக்கு ஒன்றாக மாற்றி மாற்றி இழுக்கிறேன். பிறகு பச்சை மெருகுப் பசை தடவிய தோல் பட்டையில், முதுகு முன்னே செல்ல, சில இழுப்பு. பஞ்சு எங்கும் மாட்டக் கூடாது. உளிக்கும் இதே முறைதான், ஆனால் அதன் தட்டையான பின்பக்கத்தைப் பெல்ட்டில் வைக்காமல் கல்லில் தேய்க்கிறேன்.