பவளப்பாறை கடல் பூங்காவுக்குள் இருக்கிறதா? எல்லையை நீங்களே வரைந்து பார்க்கும் முறை

ஒரு பவள இனத்தின் பெயர் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியமான ஐயுசிஎன் வெளியிடும் சிவப்புப் பட்டியலில் இருந்தால் அதைச் சட்டம் காக்கும் என்று பலர் எண்ணுகின்றனர். அப்பட்டியல் அபாயத்தை அளவிடுமே தவிர, நங்கூரம் போடுபவரைத் தடுக்காது. அமெரிக்கா 2014இல் புதிதாக 20 பவள இனங்களைச் சட்டப் பட்டியலில் சேர்த்தது. தீபகற்ப மலேசியாவிலோ பவளம் வளரும் கடற்பகுதியைக் கடல் பூங்காவாக அறிவிப்பதே முதன்மையான வழி. ஆகவே எல்லை எங்கே ஓடுகிறது என்பதுதான் முதற்கேள்வி. பினாங்கிலிருந்து முக்குளிக்கச் செல்வோர் நன்கறிந்த பாயார் தீவுக்கு நான் வரைந்த முறையைக் கீழே தருகிறேன்.

முதலில் 1985ஆம் ஆண்டு மீன்வளச் சட்டத்தின் 41 முதல் 45 வரையிலான பிரிவுகளையும், 1994ஆம் ஆண்டின் கடல் பூங்கா ஆணையையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பாயார், லெம்பு, காச்சா, செகந்தாங் ஆகிய நான்கு கெடா தீவுகளுக்கும் தாழ்நீர்க் கோட்டிலிருந்து (நீர் வற்றியிருக்கும்போது கரை முடியும் கோடு) 2 கடல் மைல், அதாவது 3,704 மீட்டர், எல்லையாகும்.

அடுத்தது வரைதல். கூகுள் எர்த்தின் வட்டம் ஒரு புள்ளியைச் சுற்றியே விழும். நீண்ட தீவுக்கு அது உதவாது என்பதால் இலவசமான கியூஜிஐஎஸ் வரைபட மென்பொருளையே பரிந்துரைக்கிறேன். பெரும்பாலோர் தடுமாறும் இடம் இதுதான்: கரைக்கோட்டுக் கோப்பு அட்சரேகை, தீர்க்கரேகைப் பாகைகளில் இருக்கும்போது கரையைச் சுற்றிக் குறித்த தொலைவுக்கு எல்லை வரையும் பஃபர் கருவியின் கட்டத்தில் 3704 என்று இட்டால், மென்பொருள் அதை 3,704 பாகையாக எடுத்துக்கொண்டு உலகையே விழுங்கிவிடும். முன்னதாகக் கோப்பை, மீட்டரில் அளக்கும் யூடிஎம் ஆயமுறையின் 47 வடக்கு மண்டலத்துக்கு (மென்பொருளில் இதன் குறியீட்டெண் இபிஎஸ்ஜி 32647) மாற்றிச் சேமியுங்கள். கிழக்குக் கரையிலுள்ள தியோமானுக்கும் ரெடாங்கிற்கும் 48ஆம் மண்டலம். செயற்கைக்கோள் படத்தில் தெரியும் கரை, படம் எடுத்த வேளையின் நீர்மட்டத்தைப் பொறுத்தது. தாழ்நீர்க் கோட்டுக்குக் கடற்படையின் நீரளவை வரைபடமே நம்பத்தக்கது. அதில் வற்றும் பகுதி பச்சையாக இருக்கும். அப்பச்சையின் வெளி விளிம்பிலிருந்து அளக்க வேண்டும்.

உங்கள் புள்ளி எல்லைக்குள் விழுந்தால் 43ஆம் பிரிவைப் படியுங்கள். எழுத்துப்பூர்வ அனுமதியின்றி பவளம் சேகரிப்பது மட்டுமன்று, அதை வைத்திருப்பதும், பவளத்தின் மீது எடையை இறக்கிப் படகை நிறுத்துவதும் குற்றமே. புகாரில் நேரத்தையும் ஜிபிஎஸ் புள்ளியையும் குறிப்பிட்டு மீன்வளத் துறைக்கு மலாயில் எழுதுங்கள்.

பிற்சேர்க்கை: சபா மாநிலத்தின் சிப்பாடான் தீவுக்கு இம்முறை பொருந்துமா என்று கோலாலம்பூர் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். பொருந்தாது; சபாவுக்குத் தனிப் பூங்காச் சட்டம் உண்டு.

எல்லைக்கு வெளியே கடலைத் தூர்க்கும்போது சேறு உள்ளே வந்தால் என்ன செய்வது என்பது மற்றொருவரின் கேள்வி. கடல் பூங்காவின் விதிகள் எல்லைக்கு உள்ளே உள்ள நீருக்கே உரியவை. தீவின் நிலம் மாநில அரசின் அதிகாரத்தில் இருப்பதால், கரையில் எழும் கட்டடங்களுக்கும் இதே சிக்கல் உண்டு. அவ்விடத்தில் 1974ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தையே நாட வேண்டும். பெருந்திட்டங்களின் தாக்க மதிப்பீட்டு அறிக்கை பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும் நாள்களில், நீங்கள் வரைந்த எல்லைப் படத்தை இணைத்துக் கருத்தனுப்பலாம்.