படிப்புக்குத்தானே என்று நகலெடுக்கும் முன்

புதிதாகச் சேரும் விரிவுரையாளர்களும் நூலக உதவியாளர்களும் பதிப்புரிமை விஷயத்தில் எங்கள் தலைமுறை செய்த தவறுகளையே திரும்பச் செய்வதைப் பார்க்கிறேன். அவற்றில் சில இவை.

‘ஒரு நூலில் பத்து சதவீதம் எடுக்கலாம்’

1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 52-வது பிரிவு கற்பித்தலுக்காக அனுமதியின்றி நகலெடுக்கத் தரும் விலக்கில் அப்படியொரு கணக்கே இல்லை.

‘தில்லி தீர்ப்பு இருக்கிறதே’

இதைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும். 2012-இல் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்ட் பிரான்சிஸ் பதிப்பகங்கள் தில்லிப் பல்கலைக்கழகத்தின் மீதும் அங்கிருந்த ராமேஸ்வரி ஜெராக்ஸ் கடை மீதும் வழக்குப் போட்டன. பாடத்திட்டப் பகுதிகளைத் தொகுத்து மாணவர்களுக்கு நகலெடுத்துத் தருவது கற்பித்தலில் அடங்கும் என்று 2016 டிசம்பரில் உயர் நீதிமன்ற அமர்வு சொன்னது. மிக நல்ல தீர்ப்பு. ஆனால் எவ்வளவு எடுத்தாலும் அது கற்பித்தலுக்குத் தேவையானதாக இருக்க வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கிறது. அந்த வரியை யாரும் படிப்பதில்லை.

ஒரு கல்லூரியில், விற்பனையில் உள்ள பாடநூலை அட்டை முதல் அட்டை வரை ஸ்கேன் செய்து இணையதளத்தில் ஏற்றிவிட்டார் ஓர் இளம் விரிவுரையாளர். பாடத்திட்டத்தில் இருந்தது இரண்டே அத்தியாயம். கூகுளில் தேடிய எவருக்கும் முழுப் புத்தகமும் கிடைத்தது. கல்லூரி முதல்வர் பெயருக்கு வக்கீல் நோட்டீஸ் வந்தது. மிரண்டுபோன நிர்வாகம், முறையாகத் தொகுத்த பாடப்பகுதிகளையும் சேர்த்து எல்லாவற்றையும் நீக்கச் சொல்லிவிட்டது. தேர்வு நெருங்கிய நேரம், திண்டாடியது மாணவர்கள்.

அந்த இரண்டு அத்தியாயத்தை மட்டும், அந்த வகுப்பு மாணவர்கள் கடவுச்சொல் போட்டு நுழையும் பக்கத்தில் வைத்திருந்தால் வாதாட வலுவான இடம் இருந்திருக்கும். முழு நூலை டெலிகிராம் குழுவில் போடுகிறவர்களும் இதே தவறைத்தான் செய்கிறார்கள். பதிப்புரிமையைத் தெரிந்தே மீறினால் அதே சட்டத்தின் 63-வது பிரிவில் சிறைத் தண்டனையும் உண்டு.

‘நூலகம் மூன்று பிரதி எடுக்கலாம்’

இந்தியாவில் விலைக்குக் கிடைக்காத நூலுக்கு மட்டும். அதுவும் வணிக நோக்கமில்லாத பொது நூலகத்தின் சொந்தப் பயன்பாட்டுக்கு. இந்தச் சட்டத்தின் 2012 திருத்தம் அனுமதித்த மின்வடிவச் சேமிப்பும் பாதுகாத்து வைப்பதற்குத்தான். அச்சுப் பிரதி முன்பே நூலகத்தில் இருக்க வேண்டும்.

ஆண்டு விழா நாடகம்

ஆசிரியர், மாணவர், பெற்றோர் முன் அனுமதி வாங்காமலே நடத்தலாம். யூடியூப் நேரலைக்கு அனுமதி வாங்குங்கள்.

பயந்து மறுப்பது

பார்வையற்ற மாணவர் முழுப் புத்தகத்தையும் திரைவாசிப்பானுக்கு (திரையில் உள்ளதைப் படித்துக்காட்டும் மென்பொருள்) ஏற்ற கோப்பாகக் கேட்டால், பதிப்புரிமையைக் காட்டித் திருப்பி அனுப்புகிறார்கள். லாப நோக்கமின்றி அப்படி மாற்றித் தருவதற்கும் 2012 திருத்தத்தில் தெளிவான விலக்கு இருக்கிறது. கோப்பு பிறர் கைக்குப் போகாமல் பார்த்துக்கொண்டு, கேட்ட அன்றே வேலையைத் தொடங்குங்கள்.