விடுதியில் சேரும் மாணவர்கள் முதல் மாதத்திலேயே செய்துகொள்ள வேண்டிய ஏற்பாடுகள்

கல்லூரி வளாகத்திலேயே தங்கிப் படிப்பதன் வசதியும் தொல்லையும் ஒரே காரணத்தால் வருபவை. வகுப்பறை, நூலகம், சாப்பாடு, நண்பர்கள் என எல்லாம் நடந்து போகும் தூரத்தில் இருக்கின்றன. சற்றுத் தனியாக இருந்தால் தேவலை என்று தோன்றும் நாளிலும் எல்லாம் அதே தூரத்தில்தான் இருக்கும். ஆகவே தமிழ்நாட்டுக் கல்லூரி விடுதி ஒன்றில் சேரவிருப்பவர்கள், பெட்டியைப் பிரித்து அடுக்கும் நாட்களிலேயே சில ஏற்பாடுகளைச் செய்துகொள்வது நல்லது.

விளக்கை எத்தனை மணிக்கு அணைப்பது, அதன் பிறகும் படிக்க வேண்டியவர் எங்கே போவது, வீட்டுக்குப் பேசுபவர் வராந்தாவுக்குப் போய்ப் பேசுவதா, சாவி யார் யாரிடம் இருக்கும் ஆகியவற்றை அறைத்தோழர்களுடன் முதல் வாரமே பேசிவிடுங்கள். பழகிய பின் இதே பேச்சை எடுத்தால் குறை சொல்வதாகத் தோன்றும். அதற்கு முன்பே பேசினால் யாருக்கும் மனம் கோணாது. வாளியில் அறை எண்ணைப் பெயின்ட்டால் எழுதுங்கள். ஸ்கெட்ச் பேனாவால் எழுதியது நாலு குளியலில் அழிந்துவிடும். அப்புறம் குளியலறை வாசலில் வரிசையாக நிற்கும் நீல வாளிகளில் உங்களுடையது எது என்று உங்களுக்கே தெரியாது. சென்னை ஐஐடி போலக் கிண்டி தேசியப் பூங்காவை ஒட்டிய வளாகமாக இருந்தால், கதவைப் பூட்டுவதோடு ஜன்னலையும் சாத்த வேண்டும். குரங்குகள் அந்த வழியாகத்தான் வரும்.

பலரும் கவனிக்காமல் விடுவது மெஸ் கணக்கு. பல விடுதிகளில் இன்றும் டிவைடிங் முறைதான் நடைமுறையில் இருக்கிறது. அரிசி, காய்கறி, பால், எரிவாயு, சமையல்காரர் சம்பளம் என மாதச் செலவு முழுவதையும் கூட்டி, அதை மாணவர்கள் சாப்பிட்டதாகப் பதிவான மொத்த நாட்களால் வகுத்தால் ஒரு நாள் கட்டணம் கிடைக்கும். உதாரணமாக, 300 பேர் 30 நாளும் இருந்தால் மொத்தம் 9,000 நாட்கள். செலவு 9,00,000 ரூபாய் என்றால் நாளுக்கு 100 ரூபாய் ஆகிறது. பொங்கல் விடுமுறை வரும் மாதத்தில் நாட்கள் 6,000 ஆகக் குறைந்தாலும், சம்பளம் குறையாததால் செலவு 6,90,000 ரூபாய்க்குத்தான் இறங்குகிறது என்று கொள்வோம். நாளுக்கு 115 ரூபாய் விழும். விடுமுறை மாதத்தில் கட்டணம் ஏறுவதைப் பார்த்தவுடன் மெஸ் செயலாளர் மீது சந்தேகப்படுவதற்கு முன் இந்த வகுத்தலைப் போட்டுப் பாருங்கள். ஊருக்குப் போகும்போது விடுப்புக் கடிதம் எழுதிக் கொடுக்காவிட்டால், சாப்பிடாத நாட்களுக்கும் உங்கள் பெயரில் கட்டணம் ஏறும். குறைந்தது எத்தனை நாள் விடுப்புக்குக் கழிவு உண்டு, எத்தனை நாள் முன்பே சொல்ல வேண்டும் என்பவை விடுதிக்கு விடுதி மாறும். அலுவலகத்தில் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பொங்கல், தீபாவளிக்கு ரயிலில் போவதானால், முன்பதிவு 60 நாட்களுக்கு முன்பே தொடங்கிச் சில நிமிடங்களில் தீர்ந்துவிடும் என்பதையும் மறக்க வேண்டாம்.

காய்ச்சல் வந்தால் அறையிலேயே சுருண்டு கிடக்காமல் வார்டனிடம் சொல்லுங்கள். கஞ்சியோ ரசம் சாதமோ கேட்டால் மெஸ்ஸில் பெரும்பாலும் செய்து தருவார்கள். மெட்ராஸ் ஐ, அம்மை போன்றவை ஒருவருக்கு வந்தால் வராந்தா முழுவதும் பரவுவதால், அப்போது வீட்டுக்குப் போய்விடுவதே அனைவருக்கும் நல்லது.

ராகிங் விஷயத்தில் மட்டும் அனுசரித்துப் போகவே கூடாது. 1997ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டப்படி அதற்கு இரண்டு ஆண்டு வரை சிறைத் தண்டனையும் பத்தாயிரம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. பெயர் கேட்பதும் ஊர் கேட்பதும் ராகிங் ஆகாது. மறுத்த பின்னும் வற்புறுத்துவதும், இரவில் அறைக்கு அழைப்பதும் வேறு. உள்ளூரில் சொல்லத் தயங்கினால், 1800-180-5522 என்ற தேசிய உதவி எண்ணை எந்நேரமும் அழைக்கலாம்.

அறையில் நுழையும் நாளிலேயே உடைந்த நாற்காலி, வேலை செய்யாத மின்விசிறி, விரிசல் விட்ட கண்ணாடி ஆகியவற்றைத் தேதியுடன் படமெடுத்து, விடுதி அலுவலகத்தில் எழுத்தில் தெரிவித்து, அதன் நகலை வைத்துக்கொள்ளுங்கள். படிப்பு முடிந்து பாக்கி ஏதும் இல்லை என்பதற்கான நோ டியூஸ் கையெழுத்துக்கு அலையும்போது, முன்பு தங்கியவர் உடைத்ததற்கு உங்கள் காஷன் டெபாசிட்டில் (சேரும்போது கட்டும் பிணைத்தொகையில்) பிடித்தம் செய்ய வந்தால், காட்டுவதற்கு அந்த நகல் கையில் இருக்கும்.