கடைசி டிவிஷன் கிளப்பைக் காசோடும் கூட்டத்தோடும் நடத்துவது எப்படி?

கிருஷ்ணகிரி மாவட்டம் காவேரிப்பட்டணத்தில் பெயின்ட் கடை வைத்திருக்கிறேன். எங்கள் ஊர் கால்பந்து கிளப்புக்கு 12 வருஷமாக நான்தான் பொருளாளர். லீக்கில் கடைசி டிவிஷன். "அண்ணா, கிளப்பில் காசும் இல்லை, ஆட்டம் பார்க்க ஆளும் வருவதில்லை, என்ன செய்வது?" என்று பக்கத்து ஊர்ப் பையன்கள் கடைக்கு வந்து கேட்கிறார்கள். அவர்களுக்குச் சொல்வதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒரு நோட்டு வாங்குங்கள். இடது பக்கம் காசு, வலது பக்கம் தலைக்கணக்கு. ஆட்டம் தொடங்கி 20 நிமிஷம் ஆனதும் ஒருவர் மைதானத்தைச் சுற்றி நடந்து எண்ண வேண்டும். நம் சப்ஸ்டிட்யூட்டுகளையும் எதிர் டீமின் வேன் டிரைவரையும் சேர்க்காதீர்கள். நான் முதன்முதலில் எண்ணிய ஞாயிற்றுக்கிழமை 14 பேர் இருந்தார்கள். மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. ஆனாலும் நாலு மாசம் விடாமல் எண்ணினேன். அப்புறம் இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் பார்த்தபோதுதான் பிடிபட்டது: ஆள் வந்த நாளில்தான் காசும் வந்திருக்கிறது. அதனால் முதலில் ஆளைத் தேடுங்கள், ஸ்பான்சரை அப்புறம் பார்க்கலாம்.

ஆள் வராததற்குப் பாதிக் காரணம் நாம் வைக்கிற நேரம். எங்கள் மைதானத்தில் லைட் கிடையாது. டிசம்பரில் ஆறு மணிக்கெல்லாம் இருட்டத் தொடங்கிவிடும். 90 நிமிஷ ஆட்டம், 15 நிமிஷ இடைவேளை, அடிபட்டு நிற்கிற நேரம் எல்லாம் கூட்டினால் 3.45க்கு விசில் ஊதியே ஆக வேண்டும். நாலு மணி என்று சொல்லிவிட்டு நாலரைக்குத் தொடங்கினால் கடைசிப் பத்து நிமிஷம் பந்தே தெரியாது. அன்று வந்தவர் மறுவாரம் வரமாட்டார். ஏப்ரல், மே மாதங்களில் வெயிலும் தாங்காது, ஞாயிறு மதியம் 3.30க்கு ஐபிஎல்லும் வந்துவிடும். அப்போது காலை 6.30 ஆட்டம்தான் சரி. பொங்கல் கழிந்ததும் சுற்று வட்டாரத்தில் எருது விடும் விழாக்கள் வரிசையாக நடக்கும். எந்த ஊரில் என்றைக்கு என்று விசாரித்து எழுதி வைத்துக்கொண்டு, பிறகு லீக்காரர்களிடம் தேதி கேளுங்கள். விழா நாளில் ஆட்டம் வைத்தால் பார்க்க ஆள் வருவது இருக்கட்டும், ஆடவே ஆள் தேறாது.

ஆடுகிறவர்களின் வருகையும் இப்படித்தான். எங்கள் பையன்களில் ஏழு பேருக்கு ஓசூர்க் கம்பெனிகளில் ஷிப்டு வேலை. மாங்காய் சீசன் வந்தால் மூன்று பேர் மாங்கூழ் ஃபேக்டரிக்குப் போய்விடுவார்கள். வயிற்றுப்பாட்டை விட்டுவிட்டு வா என்று கேட்க நமக்கு உரிமை இல்லை. ஒவ்வொருவரின் ஷிப்டையும் கேட்டு ஒரு சார்ட்டில் எழுதிக் கடையில் ஒட்டியிருக்கிறேன். வியாழக்கிழமை இரவு எல்லோருக்கும் போன் போட்டுவிடுவேன். 22 பேரையாவது பதிவு செய்து வைத்திருந்தால்தான் 11 பேரை நிம்மதியாக இறக்க முடியும்.

அடுத்தது கோடு. இது என் தொழில் சம்பந்தப்பட்டது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பளிச்சென்று கோடு போட்ட மைதானத்தைப் பார்த்தால்தான் ரோட்டில் போகிறவர் வண்டியை நிறுத்துகிறார். 100 மீட்டர் நீளம், 60 மீட்டர் அகலம் வைத்தால் எல்லாக் கோடும் சேர்ந்து 640 மீட்டருக்கு மேல் வரும். மூலை செங்கோணமாக வர, மேஸ்திரிகள் பார்க்கிற மாதிரி மூலைமட்டம் பாருங்கள்: ஒரு பக்கம் மூன்று மீட்டர், இன்னொரு பக்கம் நாலு, குறுக்கே ஐந்து. இரண்டு முளை அடித்துக் கயிற்றை விறைப்பாக இழுத்துக் கட்டி, அடியில் ஆணியால் ஓட்டை போட்ட பெயின்ட் டப்பாவில் கோலமாவு நிரப்பித் தட்டிக்கொண்டே நடந்தால் போதும். நடு வட்டத்துக்கு 9.15 மீட்டர் கயிறு. நீற்றுச் சுண்ணாம்பை மட்டும் தொடாதீர்கள். விவரம் தெரியாமல் நானே முதல் வருஷம் அதைத்தான் கொடுத்தேன். எங்கள் கோல்கீப்பர் பாய்ந்து விழுந்தபோது கண்ணில் பட்டு, அரை மணி நேரம் தண்ணீர் ஊற்றிக் கழுவி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். கண் தப்பியது. அன்றிலிருந்து வெள்ளைக் கல் கோலமாவுதான்.

பெரிய ஆட்டத்துக்கு முன்னால் அரை மணி நேரம் சின்னப் பிள்ளைகளை ஆட விடுங்கள். பிள்ளை ஆடினால் அம்மா வருவார், தாத்தா வருவார். அவர்கள் உட்கார ஒரு தார்ப்பாய் நிழலும் பக்கத்தில் கழிப்பறை வசதியும் இல்லையென்றால் இடைவேளையிலேயே கிளம்பிவிடுவார்கள். எங்கள் மைக்கில் தமிழோடு தெலுங்கு, கன்னடம், உருதுவிலும் கோல் அடித்தவன் பேரைச் சொல்கிறோம். தங்கள் வீட்டுப் பேச்சில் பேர் கேட்டதும் நிமிர்ந்து பார்க்கிற முகங்களை நான் பார்த்திருக்கிறேன்.

இனி காசு. டிக்கெட் வேண்டாம். இடைவேளையில் இரண்டு ஜூனியர் பையன்கள் துண்டு ஏந்தி ஒரு சுற்று வரட்டும். பத்து ரூபாய் போடுகிறவருக்கும் நன்றி சொல்லப் பழக்குங்கள். டீயும் நிப்பட்டும் (தட்டை) நாமே விற்றால் ரெஃப்ரி பணம் தேறிவிடும். மாதச் சந்தா வேலைக்குப் போகிறவனுக்கு 200, படிக்கிறவனுக்கு 50. கம்பெனிச் சம்பளம் 10ஆம் தேதிக்குள் விழுந்துவிடும், அதனால் 11ஆம் தேதி கேளுங்கள். 25ஆம் தேதி கேட்டால் அவனுக்கும் சங்கடம், நமக்கும் சங்கடம். வெளியூர் ஆட்டத்துக்கு வேன் வாடகைதான் நம்மை விழுங்கும். பஸ் வசதி உள்ள ஊர் என்றால் பஸ்ஸிலேயே போங்கள்.

ஒரு வருஷம் ஒரு பெரிய மனிதர் செவன்ஸ் (பக்கத்துக்கு ஏழு பேர் ஆடுகிற) டோர்னமென்ட்டுக்கு 50,000 ரூபாய் தருவதாக மேடையிலேயே சொன்னார். அதை நம்பிக் கோப்பை, பந்தல், ஃபிளக்ஸ் எல்லாம் கடனுக்குச் சொன்னோம். பணம் வரவில்லை. கடனை அடைக்க 14 மாசம் ஆனது. அதற்குள் நல்ல டிஃபென்டர் இரண்டு பேர் வேறு கிளப்புக்குப் போய்விட்டார்கள். கைக்கு வராத காசுக்கு ஆர்டர் கொடுக்காதீர்கள். இதை நான் கெஞ்சியே கேட்கிறேன்.

கிளப்பைத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975இன் கீழ் பதிவு செய்துவிடுங்கள், ஏழு பேர் இருந்தால் போதும். பேங்க் கணக்கு கிளப் பேரில் இருக்கட்டும், இரண்டு பேர் கையெழுத்துப் போட்டால்தான் பணம் எடுக்க முடியும் என்று வையுங்கள். மாசக் கடைசியில் வரவு செலவை ஒரு பேப்பரில் எழுதி டீக்கடைச் சுவரில் ஒட்டுகிறேன். "கயிறு 180" என்பது வரைக்கும் இருக்கும். முதல் தடவை ஒட்டியபோது, எங்களை அதுவரை கண்டுகொள்ளாத அரிசிக் கடைக்காரர் நின்று முழுக்கப் படித்துவிட்டு, அடுத்த மாசப் பந்துக்குத் தான் தருவதாகச் சொன்னார். இன்றைக்கும் தருகிறார்.

போன வருஷத்திலிருந்து நோட்டை ஒரு ப்ளஸ் டூ பெண் எழுதுகிறாள், நான் கூட்டிப் பார்ப்பதோடு சரி. தலைக்கணக்குப் பக்கத்தில் "புது முகம்" என்று ஒரு கட்டம் அவளாகவே போட்டிருக்கிறாள். இடைவேளையில் அந்தப் புது முகங்களிடம் போய் அடுத்த ஆட்டம் என்றைக்கு, எத்தனை மணிக்கு என்று சொல்லிவிட்டு வருகிறாள்.