சொந்த வீட்டுக்கு குடி போனதும் கார்பென்டரை கூப்பிடாதீங்க, ஒரு மழைக்காலம் பொறுங்க

பத்திரம் முடிஞ்சு சாவி கைக்கு வந்ததும் எல்லாருக்கும் வர்ற ஆசை வீட்டை அழகு பண்றதுதான். பெயின்ட், மாடுலர் கிச்சன், ஃபால்ஸ் சீலிங், கப்போர்டுன்னு கைல மிச்சம் இருக்குற காசெல்லாம் அதுலயே போயிடும். நாங்களும் அப்படித்தான் பண்ணோம். சென்னைல பெருங்களத்தூர் பக்கம் 12 வருஷத்து பழைய தனி வீடு, மே மாசம் பால் காய்ச்சி குடி வந்தோம், ஜூன்லயே மேற்கு பக்க செவுத்துல தரையிலேந்து சீலிங் வரைக்கும் அலமாரி அடிச்சாச்சு, நவம்பர்ல பாத்தா பின்பலகை பூரா உப்பி போயி உள்ள வச்சிருந்த அம்மாவோட பட்டுப்புடவை எல்லாம் பூஞ்சை. அந்த செவுரு ஓதம் இழுக்குற செவுரு, வெயில் காலத்துல தொட்டு பாத்தாலும் தெரியாது. அம்மா அந்த புடவைய மடில வச்சுட்டு உக்காந்திருந்தது இன்னும் கண்ணுல நிக்குது. அதனாலதான் முதல் வீடு வாங்குற யார் கேட்டாலும் இதையே சொல்றேன், ஒரு ஐப்பசி கார்த்திகை மழைய அந்த வீட்டுக்குள்ள இருந்து பாத்துட்டு அப்புறமா இன்டீரியருக்கு காசு போடுங்க, அது வரைக்கும் கண்ணுக்கு தெரியாத வேலைக்கு மட்டும் செலவு பண்ணுங்க.

பழைய வீடா இருந்தா முதல்ல பழைய ஓனரை பிடிங்க. பணம் கைமாறினப்புறம் அவங்க ஃபோன் எடுக்குறது குறைஞ்சிடும், அதனால சாவி வாங்குற அன்னிக்கே ஒரு நோட்டு எடுத்துட்டு போயி கேளுங்க: போர் எத்தனை அடி, மோட்டார் எத்தனை அடில இறக்கியிருக்கு, எத்தனை ஹெச்பி, செப்டிக் டேங்க் எங்க இருக்கு, அதோட மூடி எந்த டைல்ஸுக்கு கீழ இருக்கு, கடைசியா எப்ப எடுத்தாங்க, மாடி தட்டோடு எப்ப போட்டது, வயரிங் பண்ண எலக்ட்ரீஷியன் யாரு, பிளம்பர் யாரு. அந்த பிளம்பர் நம்பர் கிடைச்சா விட்டுடாதீங்க, செவுத்துக்குள்ள பைப் எப்படி போகுதுன்னு அவருக்கு மட்டும்தான் தெரியும், புதுசா வர்றவர் உடைச்சுதான் தேடுவார். புது வீடா இருந்தா பூசறதுக்கு முன்னாடியே பைப், வயர் போற செவுரு ஒவ்வொண்ணையும் ஃபோட்டோ எடுத்து வச்சுக்கோங்க.

பேப்பர் வேலைய சுருக்கமா சொல்லிடறேன். பத்திரம் உங்க பேர்ல பதிவாயிட்டா எல்லாம் முடிஞ்சதுன்னு இருந்துடாதீங்க, பட்டா, சொத்து வரி, ஈபி மூணும் தனித்தனியா உங்க பேருக்கு மாறணும். பட்டா மாறிடுச்சான்னு தமிழ்நாடு அரசோட இ-சேவை தளத்துல நீங்களே பாக்கலாம், உட்பிரிவு பண்ண வேண்டிய இடம்னா சர்வேயர் வந்து அளந்து குடுத்தாதான் மாறும், அதனால நாளாகும். ஒரு மாசம் கழிச்சு வில்லங்க சான்றிதழ் போட்டு பாத்து உங்க பேர் சரியா ஏறியிருக்கான்னு செக் பண்ணுங்க. லோன் போட்டிருந்தா ஒரிஜினல் பத்திரம் பேங்க்ல இருக்கும், என்னென்ன டாக்குமென்ட் வாங்கினாங்கன்னு லிஸ்ட் போட்டு சீல் வச்சு எழுத்துல வாங்கிக்கோங்க. சொத்து வரி அரையாண்டுக்கு ஒரு தடவை, ஏப்ரல்லயும் அக்டோபர்லயும் அந்த மாசத்துக்குள்ளயே கட்டிட்டா 5 சதவீதம் கழிச்சுக்குவாங்க, அதிகபட்சம் 5,000 ரூபாய் வரைக்கும்.

குடி போன வாரமே சர்க்கரை பொங்கல் கொஞ்சம் எடுத்துட்டு அக்கம்பக்கத்து வீட்டுக்கு போங்க, இது வெறும் மரியாதைக்கு மட்டும் சொல்லல. அங்க ரொம்ப வருஷமா இருக்குற பெரியவங்க யாராவது இருப்பாங்க, அவங்ககிட்ட 2015 டிசம்பர் வெள்ளத்துல இந்த தெருவுல எது வரைக்கும் தண்ணி நின்னுச்சு, 2023 மிக்ஜாம் புயல்ல எத்தனை நாள் நின்னுச்சு, எந்த பக்கத்துலேந்து வந்துச்சுன்னு கேளுங்க. எதிர் வீட்டு தாத்தா எங்க வாசல் கேட் தூண்ல கை வச்சு காமிச்சாரு, முட்டிக்கு மேல. அன்னிக்கே அந்த உயரத்துல ஒரு கோடு போட்டேன். இன்வெர்ட்டர், வாஷிங் மெஷின் பிளக் பாயின்ட், சம்ப் மோட்டார் ஸ்டார்ட்டர், ஈபி மீட்டர் எல்லாம் அந்த கோட்டுக்கு மேல இருக்கான்னு பாத்தோம். இன்வெர்ட்டர் கீழ இருந்துச்சு, மேல ஷெல்ஃப் அடிச்சு தூக்கி வச்சோம். மீட்டர் கீழ இருந்தா நீங்களே கை வைக்க கூடாது, ஈபி ஆபீஸ்ல எழுதி குடுத்து மாத்தணும்.

அடுத்து தண்ணி, நம்ம ஊர் வீட்டுல முக்கால்வாசி தொல்லை தண்ணிலதான். முதல் நாளே வீட்டுல இருக்குற எல்லா வால்வையும் கண்டுபிடிச்சு, எது எந்த பாத்ரூமுக்கு, எது கிச்சனுக்குன்னு மூடி திறந்து பாத்து பெயின்ட்ல எழுதிடுங்க. வருஷக்கணக்கா திருப்பாம விட்ட வால்வு அவசரத்துக்கு திருப்பினா உடைஞ்சு கைல வந்துடும், அதனால ஆறு மாசத்துக்கு ஒரு தடவை சும்மாவாச்சும் திருப்பி விடுங்க. கசிவு இருக்கான்னு பாக்க பிளம்பர் தேவையில்ல, ராத்திரி எல்லாரும் படுத்தப்புறம் மாடி டேங்க்ல தண்ணி எவ்வளவு இருக்குன்னு மார்க் பண்ணிட்டு மோட்டாரை ஆஃப் பண்ணுங்க, காலைல யாரும் குழாய் திறக்குறதுக்கு முன்னாடி போய் பாருங்க, இறங்கியிருந்தா எங்கயோ ஒழுகுது. பெரும்பாலும் ஃப்ளஷ் டேங்க்தான் காரணமா இருக்கும். ஃப்ளஷ் டேங்க்குள்ள கொஞ்சம் கேசரி கலரை கரைச்சு ஊத்தி கால் மணி நேரம் விடுங்க, ஃப்ளஷ் பண்ணாமலே கோப்பைக்குள்ள கலர் வந்தா உள்ள இருக்குற வாஷர் போச்சு, சின்ன செலவுதான்.

சம்பும் மாடி டேங்க்கும் குடி போறதுக்கு முன்னாடி ஒரு தடவை கழுவிடுங்க, அப்புறம் ஆறு மாசத்துக்கு ஒரு தடவை. மழைக்காலத்துல சம்ப் மூடி விளிம்பு தரை மட்டத்துல இருந்தா தெருத்தண்ணி உள்ள வரும், ஒரு செங்கல் உயரத்துக்கு கட்டி தூக்கிடுங்க. வீட்டுல சின்ன புள்ளைங்க இருந்தா சம்ப் மூடிக்கு பூட்டு போட்டே ஆகணும், நாளைக்கு பாத்துக்கலாம்னு தள்ளி போடாதீங்க.

போர் தண்ணி உப்பா இருந்தா கீசர் காயில்ல வெள்ளையா படிஞ்சு சூடே ஏறாது, வருஷத்துக்கு ஒரு தடவை கழட்டி சுத்தம் பண்ணணும். பாத்ரூம் டைல்ஸ்ல படியுற உப்பு கறைக்கு ஆசிட் ஊத்துற பழக்கம் நம்ம வீடுகள்ல இருக்கு, தயவு செஞ்சு வேணாம். ஆசிட் டைல்ஸுக்கு நடுவுல இருக்குற சிமென்ட் ஜாயின்ட்டை அரிச்சிடும், அந்த வழியா தண்ணி இறங்கி கீழ் வீட்டு சீலிங்லயோ பக்கத்து ரூம் செவுத்துலயோ ஓதமா வரும். ஃப்ளாட்ல மேல் வீட்டுக்கும் கீழ் வீட்டுக்கும் நடக்குற பாதி சண்டைக்கு காரணம் இந்த ஜாயின்ட்தான். வினிகர் இல்ல எலுமிச்சை சாறு கொஞ்ச நேரம் ஊற விட்டு தேய்ங்க, மார்பிள் கிரானைட்ல மட்டும் அதுவும் வேணாம், ஜாயின்ட் போயிருந்தா எபாக்ஸி வச்சு அடைச்சிடுங்க.

கரன்ட்ல ஒண்ணே ஒண்ணுதான் பண்ணுவேன்னு நீங்க சொன்னா ஆர்சிசிபி, அதாவது கரன்ட் கசிஞ்சா தானா துண்டிக்குற சுவிட்ச், இருக்கான்னு பாருங்கன்னு சொல்வேன். எல்லா ரூமுக்கும் கரன்ட் பிரிஞ்சு போற டிபி பாக்ஸ்ல அது இருக்கும், அதுல ஒரு சின்ன டெஸ்ட் பட்டன் இருக்கும், வீட்டுக்கு 30 மில்லி ஆம்ப் ரேட்டிங் போடுவாங்க. அமுக்கினா டப்புனு விழணும். விழலைன்னா அது வேலை செய்யல, அன்னிக்கே மாத்துங்க, ஈர கையோட யாராவது ஷாக் அடிச்சு விழுந்தா காப்பாத்துறது அதுதான். மாசம் ஒரு தடவை அமுக்கி பாருங்க. அதே பாக்ஸ்ல லைனுக்கு ஒண்ணா இருக்குற ட்ரிப் சுவிட்ச்தான் எம்சிபி, அதை ஒவ்வொண்ணா இறக்கி எந்த ரூம் அணையுதுன்னு பாத்து மேல எழுதி ஒட்டுங்க, என் பொண்ணுக்கு அந்த வேலைய குடுத்தேன், இப்ப வீட்டுல எந்த எம்சிபி எதுக்குன்னு அவளுக்குத்தான் மனப்பாடம். எர்த் குழில வெயில் காலத்துல வாரம் ஒரு பக்கெட் தண்ணி ஊத்துங்க, காஞ்ச மண்ணுல எர்த் சரியா பிடிக்காது. செவுத்துல ஆணி அடிக்கும்போது சுவிட்ச் போர்டுக்கு நேர் மேல, நேர் கீழ, அதே மட்டத்துல பக்கவாட்டுல அடிக்காதீங்க, வயர் அந்த வழியாத்தான் போகும். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் மட்டும்தான், ஆர்ஓ தண்ணி ஊத்தாதீங்க.

இப்ப மாடிக்கும் ஓதத்துக்கும் வர்றேன். மாடில தட்டோடு பதிச்சிருந்தா ஜாயின்ட்ல சிமென்ட் உதிர்ந்திருக்கான்னு குனிஞ்சு பாருங்க, கைப்பிடி செவுரும் தளமும் சேர்ற மூலைலதான் முதல் வெடிப்பு வரும். தண்ணி இறங்குற பைப் வாயை துணியால அடைச்சு தளத்துல ஒரு இஞ்ச் தண்ணி கட்டி ஒரு நாள் விடுங்க, மறுநாள் கீழ வந்து சீலிங்ல எங்கயாவது கறை தெரியுதான்னு பாருங்க, தெரிஞ்ச இடத்தை பென்சில்ல வட்டம் போட்டு தேதி எழுதுங்க. இதெல்லாம் ஆவணிக்குள்ள பாத்துட்டா புரட்டாசில வேலைய முடிச்சிடலாம், ஐப்பசி பிறந்தப்புறம் ஆளும் கிடைக்காது, அடிச்ச கெமிக்கலும் காயாது.

செவுத்துல ஓதம் வந்தா உடனே பட்டி பாத்து பெயின்ட் அடிச்சு மறைக்காதீங்க, ரெண்டு மாசத்துல உப்பு பூத்து பொரிஞ்சு உதிரும். தண்ணி எங்கேந்து வருதுன்னு முதல்ல தெரியணும். தரையிலேந்து மூணடி வரைக்கும் மட்டும் ஓதம்னா அஸ்திவாரத்துலேந்து ஏறுது, சீலிங் ஓரத்துல ஆரம்பிச்சா மாடி, நடு செவுத்துல திட்டா இருந்தா அந்த பக்கம் பாத்ரூம் பைப் போகும் இல்ல வெளிய பூச்சுல வெடிப்பு இருக்கும். சந்தேகமா இருந்தா ஒரு பாலிதீன் ஷீட்டை செவுத்துல நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி ரெண்டு நாள் விடுங்க, ஷீட்டுக்கு உள்பக்கம் வேர்த்திருந்தா ஈரம் செவுத்துக்குள்ள இருக்கு, வெளிப்பக்கம் வேர்த்திருந்தா ரூம்ல காத்தோட்டம் போதல, ஜன்னலை திறந்து வச்சாலே பாதி சரியாயிடும். எங்க மேற்கு செவுத்துக்கு வெளிப்பக்கம் ஜன்னல் சன்ஷேடு மேல தண்ணி தேங்கி செவுத்துக்குள்ள இறங்கியிருக்கு, அவ்வளவுதான் விஷயம். சன்ஷேடு மேல சரிவு குடுத்து பூசி, வெளிச்செவுத்து வெடிப்பை அடைச்சப்புறம் நின்னுடுச்சு. முன்னாடியே தெரிஞ்சிருந்தா அலமாரிக்கு ஆன செலவுல ஒரு சின்ன பங்கு கூட ஆகியிருக்காது.

மழைநீர் சேகரிப்பு தமிழ்நாட்டுல 2003லேந்து எல்லா வீட்டுக்கும் கட்டாயம், ஆனா நிறைய வீட்டுல குழி இருக்கும், உள்ள சேறு அடைச்சிருக்கும். புரட்டாசில மேல இருக்குற ஜல்லியும் மணலும் எடுத்து அலசி திரும்ப போடுங்க. எங்க போர்ல சித்திரைல தண்ணி இறங்குறது இப்ப கொஞ்சம் பரவால்ல, அதுக்கு இந்த குழியும் ஒரு காரணம்னு நம்புறேன்.

செப்டிக் டேங்க் இருக்குற வீடா இருந்தா ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒரு தடவை லாரி வச்சு உறிஞ்சு எடுத்துடணும், நிரம்பி வழியுற வரைக்கும் காத்திருக்காதீங்க. யாரையும் உள்ள இறக்கவே கூடாது, அஞ்சு நிமிஷம்தான் சார்னு அவங்களே சொன்னாலும் விடாதீங்க. விஷவாயு அடிச்சா ஒரு மூச்சுல ஆள் போயிடுவாங்க, காப்பாத்த இறங்குறவங்களும் போயிடுவாங்க. மனிதக் கழிவை மனிதர் அள்ளுறதை தடை பண்ற 2013 சட்டப்படி அது குற்றமும் கூட. டேங்க்லேந்து மேல போற காத்து பைப் வாய்க்கு கொசு வலை கட்டுங்க, வீட்டை சுத்தி எவ்வளவு மருந்து அடிச்சாலும் கொசு குறையலைன்னா அது வர்ற வழி அந்த பைப்பா இருக்கலாம்.

ஷிஃப்ட் பண்ணி கொண்டு வந்த அட்டைப்பெட்டிய செவுத்தோரமா தரைல அடுக்கி மாசக்கணக்கா விட்டுடாதீங்க, கரையானுக்கு அட்டைதான் விருந்து. நிலைக்கதவு கீழ மண் கோடு மாதிரி ஏறியிருக்கான்னு டார்ச் அடிச்சு பாருங்க. மழைல கதவு உப்பி இடிக்கும், உடனே இழைச்சிடாதீங்க, தை மாசம் தானா சுருங்கிடும், இழைச்சிருந்தா அப்புறம் சந்துல வெளிச்சம் தெரியும். கேஸ் டியூப்ல தேதி போட்டிருக்கும், 5 வருஷம் தாண்டியிருந்தா மாத்துங்க, கசிவு நம்பர் 1906 கிச்சன்லயே எழுதி வைங்க. கதவு பூட்டும் மாத்திடுங்க, பழைய சாவி யார் யார்கிட்ட இருக்குன்னு நமக்கு தெரியாது.

வாடகை வீட்டுல ஓனர் பாத்துப்பாருன்னு இருந்துட்டோம், இங்க நாமதான் ஓனர். இஎம்ஐ போற அதே தேதில நாங்க மாசம் 3,000 ரூபாய் தனி அக்கவுன்ட்ல போடுறோம், மோட்டார் ஒரு நாள் திடீர்னு காயில் போகும்போது அதுலேந்து எடுக்குறோம். உங்களால எவ்வளவு முடியுதோ அவ்வளவு போடுங்க, ஆனா முதல் மாசத்துலேந்தே போடுங்க.

முதல் பெரிய மழை ராத்திரில பெய்ஞ்சா தூங்கிடாதீங்க. டார்ச் எடுத்துட்டு ஒவ்வொரு ரூமா போங்க, ஜன்னல் விளிம்புல கை வைங்க, மாடி பைப்ல தண்ணி முழு வேகத்துல கொட்டுதான்னு கேளுங்க, வாசல்ல தண்ணி தெருவுக்கு ஓடுதா தெருவுலேந்து உள்ள வருதான்னு பாருங்க, எல்லாத்தையும் நோட்டுல எழுதுங்க. எங்க புது அலமாரிய அடுத்த மாசியில கிழக்கு செவுத்துல அடிச்சோம், செவுத்துக்கும் பலகைக்கும் நடுவுல ரெண்டு விரல் இடம் விட்டு. அம்மா அந்த புடவைய ட்ரை க்ளீன் குடுத்து முதல் தட்டுலயே வச்சிருக்காங்க.