புதிய வொர்க்ஸ்டேஷன் லேப்டாப்: எதற்கு இப்போதே பணம் கொடுப்பது, எதைத் தள்ளிப்போடுவது

வொர்க்ஸ்டேஷன் என்பது வடிவமைப்பு, ரெண்டரிங் போன்ற கனமான வேலைக்கான லேப்டாப். லெனோவோ திங்க்பேட் பி, எச்பி இசட்புக், டெல் பிரிசிஷன் என எந்த வரிசையை எடுத்தாலும் ஆர்டர் பக்கத்தில் பதினைந்து, இருபது இடங்களில் ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். பலரும் எல்லா இடத்திலும் நடுத்தரமானதைத் தொட்டுக்கொண்டே போகிறார்கள். விளைவு, மாற்றவே முடியாத திரை மட்டமாக வந்து சேரும், கால் மணி நேரத்தில் மாற்றிவிடக்கூடிய எஸ்எஸ்டி-க்கோ (ஃபைல்களைச் சேமிக்கும் டிரைவ்) பணம் கொட்டியிருப்பார்கள்.

முதலில் ஒரு தாளை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். பின்னால் மாற்ற முடியாதவை ஒரு பக்கம்: கிராபிக்ஸ் கார்டு, பிராசஸர், திரை, போர்டிலேயே பற்றவைத்த ரேம், சிம் கார்டுக்கான ஆன்டெனா. மாற்றக்கூடியவை மறுபக்கம்: எஸ்எஸ்டி, ஸ்லாட்டில் செருகும் ரேம், விண்டோஸ் பதிப்பு. உங்கள் மாடலில் எது எந்தப் பக்கம் என்பதை விற்பனைப் பக்கம் தெளிவாகச் சொல்லாது. அதைப் பட்டியலிட லெனோவோவுக்கு பிஎஸ்ரெஃப் (PSREF) தளமும், எச்பிக்கு குவிக்ஸ்பெக்ஸ் (QuickSpecs) ஆவணமும் இருக்கின்றன. மேலே சொன்ன மூன்று கம்பெனிகளின் சர்வீஸ் மேனுவலையும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். அதில் ரேமைக் கழற்றும் பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அது பற்றவைத்த ரேம்.

கிராபிக்ஸ் கார்டு

அதிகம் ஏமாறுவது இங்கேதான். பெயர் ஒன்றாக இருந்தாலும் லேப்டாப் கார்டும் டெஸ்க்டாப் கார்டும் வேறு வேறு. என்விடியாவின் தொழில்முறைக் கார்டான ஆர்டிஎக்ஸ் 5000 அடா டெஸ்க்டாப்பில் 32 ஜிபி நினைவகத்தோடு வரும், லேப்டாப்பில் 16 ஜிபிதான். 4000 அடா டெஸ்க்டாப்பில் 20 ஜிபி, லேப்டாப்பில் 12. டெஸ்க்டாப் கார்டின் சோதனை முடிவுகளை வைத்து லேப்டாப்புக்கு முடிவெடுக்காதீர்கள்.

அடுத்தது வாட். ஆர்டிஎக்ஸ் 2000 அடா லேப்டாப் கார்டுக்கு என்விடியா தரும் வரம்பு 35 முதல் 140 வாட் வரை. மெல்லிய லேப்டாப்பில் குறைந்த வாட்டில் கட்டிப்போட்டிருப்பார்கள், தடித்ததில் அதே கார்டு முழு மூச்சோடு ஓடும். பெட்டியின் மேல் பெயர் ஒன்றுதான், வேகம் ஒன்றல்ல. குறைந்த வாட்டில் அடைபட்ட பெரிய கார்டைவிட, தாராளமாக வாட் கிடைக்கும் அடுத்த நிலைக் கார்டு பல வேலைகளில் நன்றாகவே ஓடும், விலையும் குறைவு. 'அதிகபட்ச கிராபிக்ஸ் பவர் எத்தனை வாட்?' என்று விற்பவரிடம் எழுத்தில் கேளுங்கள்.

நினைவகத்தின் அளவு உங்கள் வேலையைப் பொறுத்தது. ஆட்டோகேட், ரெவிட், சாலிட்வொர்க்ஸில் நடுத்தர அசெம்பிளி (பல பாகங்கள் சேர்ந்த மாடல்) போன்றவற்றுக்கு 8 ஜிபி போதும். பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் கனமான காட்சி, ட்ரோன் படங்களிலிருந்து முப்பரிமாண மாடல், கணினியிலேயே ஏஐ மொழி மாடல் ஓட்டுவது என்றால் 12-க்குக் கீழே இறங்காதீர்கள். கார்டின் நினைவகம் நிரம்பிவிட்டால் கொஞ்சம் மெதுவாவதோடு நிற்காது. வேலை சாதாரண ரேமுக்கு வழிந்து பல மடங்கு இழுக்கும், அல்லது பிழை காட்டி நின்றுவிடும்.

சாலிட்வொர்க்ஸ், கேட்டியா, என்எக்ஸ் ஆகியவற்றைத் தொழிலாகப் பயன்படுத்துவோர் அந்தந்த மென்பொருள் நிறுவனத்தின் சான்றளித்த கார்டுகள் பட்டியலைப் பார்த்த பிறகே வாங்க வேண்டும். பொருட்களை நிஜம்போலக் காட்டும் சாலிட்வொர்க்ஸின் ரியல்வியூ வசதிக்கு அதிகாரபூர்வ ஆதரவு தொழில்முறைக் கார்டுகளுக்கே. பிளெண்டர், வீடியோ எடிட்டிங், மெஷின் லேர்னிங்குக்கு அந்தக் கட்டாயமில்லை. கொடுக்கும் ரூபாய்க்கு, கேமிங்குக்காக வரும் ஜீஃபோர்ஸ் கார்டில் கூடுதல் வேகம் கிடைக்கும்.

ரேம்

பற்றவைத்த ரேம் என்றால் இன்றைய தேவையைப்போல இரண்டு மடங்கு வாங்குங்கள். லேப்டாப்பின் ஆயுள் முழுக்க அதுதான். எல்பிகேம்2 என்ற புதிய வகை வேகத்தில் பற்றவைத்த ரேமுக்குச் சமம், ஆனால் திருகைக் கழற்றி மாற்றலாம். 2024-இல் வந்த திங்க்பேட் பி1 ஏழாம் தலைமுறையில் இருப்பது இதுதான். ஒன்றைக் கவனியுங்கள்: இதில் கூடுதலாகச் செருக இடமில்லை. பழையதை எடுத்துவிட்டு முழு அளவிலும் புதியதை வாங்க வேண்டும்.

சோடிம் ஸ்லாட் (ரேம் குச்சியைச் செருகும் இடம்) உள்ள மாடல்களில் ஒற்றை ரேம் குச்சியோடு நிரந்தரமாக ஓட்டாதீர்கள். ரேமுக்கும் பிராசஸருக்கும் இடையே தரவு ஓடும் அளவு பாதியாகிவிடும். 32 ஜிபி தேவையென்றால் 16 ஜிபி இரண்டு. ஓரிரு வாரத்தில் இன்னொரு 32 வாங்கிச் செருகப்போகிறீர்கள் என்றால் மட்டும் ஒற்றை 32 ஜிபி எடுக்கலாம்.

நான்கு ஸ்லாட் உள்ள பெரிய லேப்டாப்புகளில் இன்னொரு சிக்கல் உண்டு. நான்கையும் நிரப்பினால் டிடிஆர்5 ரேமின் வேகம் தானாகவே இறங்கும். இது பழுதல்ல, பிராசஸர் தாங்கும் வரம்பு. அதனால் 64 ஜிபி வேண்டுமானால் 16 நான்கு வேண்டாம், 32 இரண்டு போடுங்கள். சில மாடல்களில் இரண்டு ஸ்லாட் கீழ்மூடியைத் திறந்ததும் தெரியும், மற்ற இரண்டு கீபோர்டுக்கு அடியில் இருக்கும். எந்த இரண்டில் ரேம் போட்டு வருகிறது என்பதை ஆர்டருக்கு முன்பே கேட்டுக்கொண்டால் பின்னால் கீபோர்டைக் கழற்றும் வேலை மிச்சம்.

பிழையைத் தானே கண்டு திருத்தும் இசிசி ரேம் நாள்கணக்கில் ஓடும் கணக்கீடுகளுக்குப் பயன்படும். அதற்குப் பிராசஸர், போர்டு, ரேம் மூன்றும் பொருந்தி வர வேண்டும், சாதாரண ரேமோடு கலக்கவும் கூடாது. 'டிடிஆர்5 என்றாலே இசிசி இருக்கிறது' என்று கடையில் சொன்னால் நம்பாதீர்கள். சிப்புக்குள்ளேயே நடக்கும் திருத்தம் வேறு, முழு இசிசி வேறு.

பிராசஸர், திரை

ஒரே மெல்லிய உடலுக்குள் இன்டெல் ஐ7, ஐ9 (புதியவற்றில் அல்ட்ரா 7, அல்ட்ரா 9) இரண்டும் கிடைத்தால் ஐ7 போதும். நீண்ட நேரம் ஓடும் வேலையில் இரண்டையும் தடுப்பது சூடுதான், சிப் அல்ல. ஏசி இல்லாத அறையில், சித்திரை வெயிலில் இது இன்னும் பளிச்சென்று தெரியும். சாலிட்வொர்க்ஸ், ரெவிட் போன்றவை பெரும்பாலும் ஒற்றைக் கோரின் வேகத்தையே நம்பியிருப்பதால் கோர்களின் எண்ணிக்கைக்குப் பணம் கொடுப்பதில் பலன் குறைவு. பிராசஸரிலேயே ரெண்டரிங் செய்வோருக்கு மட்டும் இது பொருந்தாது. அவர்கள் பெயர் எச்எக்ஸ் என்று முடியும், அதிக மின்சாரம் எடுக்கும் வகைச் சிப்பையும் தடித்த உடலையும் சேர்த்தே வாங்க வேண்டும்.

திரையில் மிச்சம் பிடிக்காதீர்கள். காட்டக்கூடிய வண்ணங்களின் அளவாக '45% என்டிஎஸ்சி' என்று போட்டிருந்தால் அது வெளிறிய மலிவுத் திரை, அதைத் தொடவே வேண்டாம். 100% எஸ்ஆர்ஜிபி (வண்ண அளவு), குறைந்தது 400 நிட்ஸ் (வெளிச்சம்), பளபளக்காத மேட் பூச்சு ஆகிய மூன்றும் இருக்கட்டும். 16 அங்குலத்தில் 2560 × 1600 நல்ல நடுவழி. 3840 × 2400-இல் எழுத்துகள் அழகுதான், ஆனால் பேட்டரியை வேகமாகக் குடிக்கும், பழைய கேட் (CAD, கணினி வடிவமைப்பு) மென்பொருள்களில் ஐகான்கள் எறும்பளவுக்குச் சுருங்கிவிடும். ஓஎல்இடி வண்ண வேலைக்கு அருமை. நாள் முழுக்க ஒரே டூல்பார் அசையாமல் நிற்கும் கேட் வேலையில் அதன் தடம் திரையில் நிரந்தரமாகப் பதியும் அபாயம் உண்டு.

எஸ்எஸ்டி, பேட்டரி, மற்றவை

எஸ்எஸ்டி-யைச் செருகும் எம்.2 ஸ்லாட் இருந்தால் இருப்பதிலேயே சிறிய எஸ்எஸ்டி-யோடு ஆர்டர் செய்து, டிஎல்சி (TLC) என்ற நினைவக வகையில் 2 டிபி ஒன்றை வெளியே வாங்கிப் போடலாம். அதே நாளில் இரண்டு விலையையும் ஒப்பிட்டுவிட்டு முடிவெடுங்கள். ஸ்லாட்டின் நீளம் 2280-ஆ (80 மிமீ), 2242-ஆ (42 மிமீ) என்று பாருங்கள். சில மாடல்களில் இரண்டாவது ஸ்லாட்டுக்கான பிராக்கெட்டும் ஹீட்சிங்க்கும் ஆர்டரில் கேட்டால்தான் வரும். எஸ்எஸ்டி-யை மாற்றும் முன் விண்டோஸின் டிரைவ் பூட்டான பிட்லாக்கரின் மீட்புச் சாவியை வேறிடத்தில் எழுதிவைக்க மறக்காதீர்கள்.

பேட்டரியில் பெரியதையே எடுங்கள். விமான நிறுவனங்கள் தனி அனுமதியின்றி ஏற்கும் எல்லை 100 வாட்-மணி என்பதால் பெரிய பேட்டரிகள் அதற்குச் சற்றுக் கீழே நிற்கின்றன. அடாப்டரின் வாட்டைக் குறைக்காதீர்கள். 100 வாட் டைப்-சி டாக்கில் (சார்ஜும் மற்ற இணைப்புகளும் தரும் பெட்டி) போட்டு ரெண்டரிங் ஓட்டினால், சார்ஜில் இருக்கும்போதே பேட்டரி இறங்கும். சிம் கார்டு ஒரு நாள் தேவைப்படலாம் என்றால் ஆன்டெனாவையாவது இப்போதே சேர்த்துவிடுங்கள். மோடத்தைப் பிறகு வாங்கிச் செருகலாம். ஆன்டெனாவைத் திரைச் சட்டத்துக்குள் பிறகு இழுப்பது நடைமுறையில் ஆகாத காரியம்.

வாரண்டியை மூன்று ஆண்டு ஆன்சைட்டாக (உங்கள் இடத்துக்கே வந்து சரிசெய்வது) வாங்குங்கள். உங்கள் பின்கோடுக்கு அந்தச் சேவை உண்டா, பேட்டரிக்கும் மூன்று ஆண்டா, அல்லது ஓராண்டுதானா என்று கேளுங்கள். ஜிஎஸ்டி பதிவு உள்ளவர்கள் பில்லில் தங்கள் எண்ணைப் போட்டு வாங்கினால் 18% வரியை உள்ளீட்டு வரி வரவாக எடுக்க வழியுண்டு.

லேப்டாப் கைக்கு வந்த அன்றே, திருப்பிக் கொடுக்கும் கெடு ஓடிக்கொண்டிருக்கும்போதே, சரிபாருங்கள். டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கம் எத்தனை ஸ்லாட் நிரம்பியிருக்கிறது, என்ன வேகம் என்று காட்டும். என்விடியா கண்ட்ரோல் பேனலில் சிஸ்டம் இன்ஃபர்மேஷனைத் திறந்தால் அதிகபட்ச கிராபிக்ஸ் பவர் தெரியும். விற்பவர் எழுதித்தந்த எண்ணோடு அதை ஒப்பிடுங்கள். பிறகு உங்கள் சொந்த ஃபைல் ஒன்றை அரை மணி நேரம் தொடர்ந்து ஓட்டுங்கள். முதல் ஐந்து நிமிட வேகத்தையும் கடைசி ஐந்து நிமிட வேகத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். கடைசி எண் பாதிக்குக் கீழே இறங்கினால் லேப்டாப்பைத் திருப்பி அனுப்புங்கள்.